நம் மலைகளில் வாவி வந்த கதை

ஏப்ரல் சீசன் தொடங்கி பாடசாலை லீவும் விட்டுவிட்டால் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகள் முதலில் கேட்பது, "நுவரெலியாவுக்குப் போய் போட் ஏறுவோமா?" என்பதுதான். கைக்காசு போட்டு, பஸ் பிடித்து, கிரகறி வாவிக் கரையில் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தாலே ஒரு வருஷத்துக்குப் பேச்சு இருக்கும். அப்படிப் போய் வந்த பிள்ளைகளிடம், "இந்த வாவி எப்படி வந்தது?" என்று நாங்கள் கேட்டுப் பார்த்திருக்கிறோம். "சாமி கொடுத்தது", "மழைத்தண்ணி நின்னது" என்றுதான் அநேகமாகப் பதில் வரும். பெரியவங்களிடம் கேட்டாலும் இதே பதில்தான்.

உண்மை என்னவென்றால், நம் மலைநாட்டில் சாமி கொடுத்த பெரிய ஏரி என்று ஒன்றும் கிடையாது. காஷ்மீரிலும் ஐரோப்பாவிலும் மலை உச்சியில் இயற்கையான ஏரிகள் இருக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் பனிக்கட்டி ஆறு போல் நகர்ந்து மலையைக் குடைந்து பள்ளம் பறித்தது. பனி உருகியதும் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. வேறு சில நாடுகளில் அணைந்து போன எரிமலையின் வாயில் தண்ணீர் நிற்கும். நம் மலைகளில் பனிக்கட்டி ஆறும் இல்லை, எரிமலையும் இல்லை. மிகப் பழைய மலைகள் இவை. பெய்கிற மழை எல்லாம் ஓடையாகி, ஆறாகி, வழியை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். நிற்க இடமில்லை. நிற்க வைத்தது மனிதக் கைதான். இதில் மூத்தது கண்டி வாவி. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் வயல் நிலத்தை மறித்து அதைக் கட்டினான். அதற்குப் பிறகு வந்தவை வெள்ளைக்காரனும் சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசாங்கங்களும் கட்டியவை.

சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற குடும்பங்கள் நம் தோட்டங்களில் ஏராளம். கந்தப்பளையிலிருந்து வேன் பிடித்து நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போவோம். இந்த ஒரே பாதையில் மனிதன் கட்டிய நாலு பெரிய தண்ணீரைக் காணலாம். தூங்கிக்கொண்டு போகாமல் ஜன்னல் பக்கம் பார்த்தபடி போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதல் தண்ணீர் கிரகறி வாவி. 1872 முதல் 1877 வரை இலங்கையில் கவர்னராக இருந்தவர் சேர் வில்லியம் கிரகறி. அவர் காலத்தில், 1873இல், இது உருவானது. அதற்கு முன்னர் அந்த இடம் வெறும் சேற்று நிலம். பிதுருதலாகலையிலிருந்து இறங்கிய தலகல ஓயா அங்கே பரவி ஊறிக் கிடந்தது. ஓயாவை மறித்து அணை கட்டியதும் சேறு வாவியாகியது, சுற்றியிருந்த ஈர நிலம் காய்ந்து டவுனைப் பெருப்பிக்க இடமும் கிடைத்தது. கவர்னருக்கும் துரைமாருக்கும் தங்கள் சீமையைப் போல ஒரு இடம் வேண்டியிருந்தது. குளிரும் இருந்தது, வாவியும் வந்தது. 1881இல் லெ மெசூரியர் என்ற உதவி அரசாங்க அதிபர் ட்ரவுட் என்னும் சீமை மீனை இங்கே விடச் செய்தார். தூண்டில் போட்டு மீன் பிடிப்பது துரைமாரின் பொழுதுபோக்கு. கவர்னருடைய பேர் வாவிக்கு நிலைத்துவிட்டது. மண் வெட்டிச் சுமந்தவர்களுடைய பேர் நிலைக்கவில்லை.

இந்த வாவி பொழுதுபோக்குக்கு மட்டும் இருந்ததில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1913ஆம் ஆண்டில் இதன் தண்ணீரைச் சுரங்க வழியாக இறக்கி, நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் புளக்பூல் என்ற இடத்தில் ஒரு சின்ன மின் நிலையத்தை ஓட்டி, டவுனுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். அந்த வேலையின் பின்னால் இருந்தவர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற இலங்கை எஞ்சினியர். அவருடைய பேர் இன்னும் இரண்டு இடத்தில் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் வாவி பாழாகத் தொடங்கியது. மேலே மலையில் மரத்தை வெட்டி மரக்கறி போட்டால் மண் கீழே வரும், உரமும் சேர்ந்து வரும். மண் வந்தால் வாவி தூர்ந்து போகும். உரம் வந்தால் நீர்ச்செடி மண்டும். இரண்டும் நடந்தது. 2010ஐ ஒட்டிய வருஷங்களில் துப்புரவு செய்து, கரையில் பூங்கா அமைத்து, டிக்கட் போட்டுத் திறந்தார்கள். இன்று அன்னப்பறவை போட், மோட்டர் போட், கரையில் மட்டக் குதிரை எல்லாம் இருக்கிறது. சீசன் நேரத்தில் கொழும்பு ஆக்களின் கூட்டத்தில் நம்ம ஆக்களுக்கு நிற்க இடம் கிடைப்பதும் கஷ்டம், விலையும் அப்படித்தான். எங்களைக் கேட்டால், சீசன் முடிந்து ஒரு சாதாரணக் கிழமை நாளில் காலையிலேயே போய்விடுவதுதான் நல்லது. பின்னேரமானால் அங்கே மழையும் மூட்டமும் சொல்லாமல் வரும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். 1964இல் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறிப் போன நம் சொந்தங்கள் பலர் நீலகிரியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் அங்கே தேயிலை போடத் தொடங்கியது. அவர்கள் அனுப்பும் போட்டோக்களில் ஊட்டி ஏரியில் போட் ஏறி நிற்பார்கள். அந்த ஏரியும் கட்டியதுதான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜோன் சலிவன் 1824ஆம் ஆண்டளவில் ஓடைகளை மறித்துக் கட்டினார். கொடைக்கானல் ஏரியை 1863இல் கட்டியவர் லெவிஞ்ச் என்ற மதுரைக் கலெக்டர். அக்கரையிலும் இக்கரையிலும் ஒரே புத்தி, ஒரே ஆசை. தேயிலையும் ஏரியும் கூடவே வந்திருக்கின்றன.

வேன் நானுஓயாவைத் தாண்டி லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு வந்ததும், டவுனை ஒட்டி இரண்டாவது தண்ணீர் தெரியும். இதுதான் நாலிலும் இளையது. கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டிய மேல் கொத்மலை அணை. ஜப்பான் கடனுதவியுடன் 2006இல் வேலை தொடங்கி 2012இல் முடிந்தது. 150 மெகாவாட் மின்சாரம் இதிலிருந்து வருகிறது. அணைக்கும் நீருக்கும் இடம் விடுவதற்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேறு இடங்களில் குடியமர்த்தப்பட்டன. லயத்தில் இருந்த குடும்பங்கள் சில தனி வீட்டுக்குப் போனது இதனால்தான். போகும்போது அழுதவர்களும் உண்டு, போன பிறகு சொந்தக் கதவைப் பூட்டித் திறக்க முடிகிறதே என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் நியாயம்தான்.

தலவாக்கலையைத் தாண்டியதும் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க எல்லா வேனும் நிற்கும். "முன்னே மாதிரி இல்லையே" என்று பெரியவங்க சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. அந்த ஆற்றுத் தண்ணீரில் பெரும்பகுதி இப்போது மேலேயிருந்தே சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. நீர்வீழ்ச்சி முழுக்கச் சாகக்கூடாது என்று பலர் போராடியதனால் பகல் வேளையில் ஓர் அளவு தண்ணீர் விடுகிறார்கள். பக்கத்திலுள்ள டெவன் நீர்வீழ்ச்சி வேறு ஓடை, அதற்குப் பாதிப்பில்லை. மேலே பலத்த மழை பெய்தால் அணையின் வான்கதவைத் திறப்பார்கள். அந்த நேரம் கீழே ஆற்றில் கால் நனைப்பதும் கல்லில் உட்கார்ந்து போட்டோ எடுப்பதும் கூடாது. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், அக்கரப்பத்தனைப் பக்கம் மழை கொட்டியிருக்கும். ஆற்றுக்கு அது தெரியும், நமக்குத் தெரியாது.

இதுவரை பார்த்த தண்ணீர் எல்லாம் மகாவலிக்குச் சேருவது. கிரகறி வாவியில் கைகழுவிய தண்ணீர் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவில் விழுந்து, 1985இல் திறந்த பெரிய கொத்மலை நீர்த்தேக்கத்தில் தங்கி, மகாவலியோடு சுற்றிச்சுற்றி கடைசியில் திருகோணமலைப் பக்கம் கடலில் விழுகிறது. கந்தப்பளை ஓடைகள் மலையின் மறுபக்கம் இறங்கினாலும் முடிவு மகாவலிதான். ஆனால் கொட்டகலை தாண்டி ஹட்டன் மேட்டைக் கடந்துவிட்டால் தண்ணீர் திசை மாறும். அங்கே பெய்வது களனி கங்கையோடு கொழும்புக்குப் போகும். ஒரே மழை மேகம், ஒரு மேட்டின் இந்தப் பக்கம் பெய்தால் திருகோணமலை, அந்தப் பக்கம் பெய்தால் கொழும்பு.

டிக்கோயாவிலிருந்து நோர்வூட் போகிற வழியில் ரோட்டுக்குக் கீழே நீளமாகக் கிளை பிரிந்து கிடப்பது காசல்ரீ நீர்த்தேக்கம். கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது; 1959இல் தொடங்கி 1965இல் முடிந்தது. இங்கேதான் நாம் சொன்ன எஞ்சினியர் திரும்பவும் வருகிறார். இந்த மலைகளின் தண்ணீரால் நாடு முழுவதற்கும் கரண்ட் எடுக்கலாம் என்று விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எஞ்சினியர்கள் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1924இல் லக்ஷபானவில் வேலை தொடங்கி நின்று போனது. அவர் 1931இல் அரசாங்க சபைக்குப் போய் அங்கேயும் இதையே பேசினார். லக்ஷபான மின் நிலையம் 1950இல்தான் ஓடத் தொடங்கியது. கண்ணால் பார்த்துவிட்டு 1953இல் காலமானார். காசல்ரீயின் தண்ணீரால் ஓடும் நோர்ட்டன் பிரிட்ஜ் மின் நிலையத்துக்கு அவர் பேரையே வைத்தார்கள்.

தண்ணீரிலிருந்து கரண்ட் வருவது எப்படி என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பழைய காலத்துத் தேயிலை ஃபெக்டரிகளில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சக்கரத்தைச் சுற்றி மெசின் ஓட்டினார்களே, அதே வேலைதான், அளவுதான் பெரிது. மலை உச்சியில் தண்ணீரைத் தேக்கி, சுரங்கத்தாலும் இரும்புக் குழாயாலும் செங்குத்தாக இறக்கினால் அது விழுகிற வேகத்தில் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் கரண்ட் பிறக்கும். தண்ணீர் செலவாகிவிடாது. காசல்ரீயின் தண்ணீர் விமலசுரேந்திர நிலையத்தில் ஒரு தடவை வேலை செய்துவிட்டு, நோர்ட்டன் குளத்தில் சேர்ந்து, பழைய லக்ஷபானவில் இன்னொரு தடவை, பொல்பிட்டியவில் மறுபடியும் வேலை செய்கிறது. நம்ம ஆக்கள் மாதிரி, ஓய்வே கிடையாது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த அணைகள் எழும்பிய காலத்தில், அதைச் சுற்றியிருந்த தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து நின்றவர்கள். லயத்துக் கூரைக்கு மேலால் கரண்ட் கம்பி கொழும்புக்குப் போனது. கீழே குப்பி விளக்கு எரிந்தது. அநேக லயங்களுக்கு லைட் வந்தது 1980களிலும் 90களிலும்தான், அதற்குப் பிறகு வந்த இடங்களும் உண்டு. இன்று சுவிட்சைத் தட்டுகிற பிள்ளைக்கு இது தெரிய வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இனி, தாய்மார் தகப்பன்மார் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களில் குளிக்கப் போய் இளம்பிள்ளைகள் மூழ்கிய செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. "நீந்தத் தெரிந்த பிள்ளை, எப்படிப் போனான்?" என்று ஊரே அழுகிறது. காரணம் இந்தத் தண்ணீர் வந்த கதையில்தான் இருக்கிறது. இது குளமோ கடற்கரையோ அல்ல. தண்ணீர் ஏறிய மலைச்சரிவு. கரையில் முழங்கால் அளவு இருக்கும், இரண்டு எட்டு வைத்தால் பழைய ரோட்டு ஓரமோ தேயிலைக் கானோ முடிந்து, கால் எட்டாத பள்ளம் தொடங்கும். அடியில் வெட்டிய மரக்கட்டை, பழைய சுவர், கம்பி என்று எதுவும் இருக்கலாம். வருஷக்கணக்காக மலையிலிருந்து வந்த சேறு படிந்திருக்கும். தண்ணீர் குறைந்த காலத்தில் கரையில் தெரிகிற சேறு மேலே காய்ந்து வெடித்து உறுதியாகத் தோன்றும், நடந்தால் உள்ளே இடுப்பளவுக்கு இழுக்கும். தண்ணீர் மட்டமும் மின் நிலையத்தின் தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கும். போன மாதம் நின்று குளித்த இடம் இந்த மாதம் ஆழமாக இருக்கும்.

குளிரையும் லேசாக நினைக்கக்கூடாது. குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று குதித்தால் மூச்சு தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். சாப்பிட்டதும், குடித்ததும் என்று காரணம் சொல்வார்கள். குடித்திருந்தால் ஆபத்து மெத்தத்தான், ஆனால் குடிக்காத பிள்ளைக்கும் இது நடக்கும்.

ஒருவர் தண்ணீரில் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். கயிறு, நீளக் கம்பு, முறுக்கிய சேலை எதையாவது கரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தூக்கி எறிந்தால் அதைப் பிடித்து மிதக்கலாம். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கித் தண்ணீர் இறக்குவது பழைய பழக்கம். அதனால் பலனில்லை, நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் வேகமாக அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடட்டும், அது இலவசம்.

போட் ஏறுவதானால் மிதக்கும் ஜெக்கட்டைக் கேட்டு வாங்கி, மார்பில் கொளுவியைப் பூட்டிய பிறகே ஏறுங்கள். போட்டோவுக்காகத் தோளில் சும்மா போட்டுக்கொள்வது உதவாது, தண்ணீரில் விழுந்ததும் அது தனியாக மிதக்கும். சேலை கட்டிய தாய்மார் முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறுவது நல்லது. "ஜெக்கட் இல்லை, சின்ன சுற்றுத்தானே" என்று போட்காரர் சொன்னால் இறங்கிவிடுங்கள். காசு கொடுக்கிறது நாம்.

நோர்வூட்டைத் தாண்டி மஸ்கெலியாவுக்கு வந்தால் நாலாவது தண்ணீர், மவுசாகலை. மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் கட்டி முடித்தது. லக்ஷபானத் தொகுதியில் இதுதான் பெரிய நீர்த்தேக்கம். இதன் தண்ணீர் கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய நிலையங்களை ஓட்டிவிட்டுப் போகிறது. இன்று நாம் பஸ் இறங்குகிற மஸ்கெலியா டவுன் புதிய டவுன். பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் இருக்கிறது. கடை, ரோட்டு, கோயில், பன்சல, பள்ளிவாசல் எல்லாம் இருந்த டவுன் அது. தோட்டத்து ஆக்கள் சம்பள நாளில் சாமான் வாங்கிய கடைத்தெருவும் அங்கேதான். அணை எழும்பியதும் ஆட்கள் மேலே ஏறிவிட்டார்கள். கட்டடங்கள் ஏற முடியாமல் நின்றுவிட்டன.

மழை பிந்திய வருஷங்களில், தண்ணீர் நன்றாக இறங்கினால் அந்தக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து வெளியே தெரியும். சிவனொளிபாத யாத்திரை மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடிவது. அதில் பங்குனி, சித்திரை மாதங்கள்தான், தென்மேல் மழைக்கு முன்னால், தண்ணீர் இறங்கியிருக்கக்கூடிய காலம். அப்படித் தெரிகிற நாளில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் போய்ப் பார்ப்பதும், கோயில் கல்லருகே கற்பூரம் கொளுத்துவதும் உண்டு. வயசான பாட்டிமார், "இங்கேதான் எங்க கல்யாணம்" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். சேறு இருப்பதனால் கிட்டப் போக வேண்டியதில்லை. மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் ரோட்டிலிருந்தே பார்க்கலாம். வேன் டிரைவர் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நிறுத்த நல்ல இடம் அவருக்குத் தெரிந்திருக்கும்.